கைதி டாக்டரின் கையில் இருந்தவை: தவிடு, வெந்நீர், ஒரு நோட்டு

அப்பத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார். காரைக்குடிப் பக்கத்திலிருந்து பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கிக்குச் சமையலாளாகப் போனவர். 1941 கடைசி வரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு கடுதாசியும், தீபாவளிக்குக் கொஞ்சம் பணமும் வந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. சண்டை முடிந்து கப்பல் விட்ட பிறகு ஊருக்குத் திரும்பிய ஒருவர், "சயாமுக்கு லைன் போடப் புடிச்சுக்கிட்டுப் போனாக" என்று திண்ணையில் உட்கார்ந்து ஒரு வரி சொல்லிவிட்டுப் போனாராம். சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து, லைன் என்றால் ஜப்பானியர் போட்ட ரயில் பாதை. அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பல வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். லைன் போடப் போன நம் ஆட்களுக்குப் பேரேடு கிடையாது, ஆஜர்ப் பட்டியல் கிடையாது, செத்தவர் பெயரை எழுதிவைக்க ஆளும் கிடையாது. செட்டிநாட்டில் வளர்ந்தவனுக்கு இதை ஒத்துக்கொள்வதே கஷ்டம். ரங்கூனில் வட்டிக்கு விட்ட காலணாவுக்கும் இங்கே பழைய பெட்டகத்தில் கணக்கு இருக்கிறது, ஆயிரக்கணக்கான மனிதர்களுக்குக் கணக்கு இல்லாமல் எப்படிப் போகும்? போயிருக்கிறது. அவர்களைக் கண்ணால் பார்த்து, அன்றைக்கே எழுதிய வரிகள் எங்கே இருக்கின்றன என்று தேடினால், அடுத்த முகாமில் கைதியாகக் கிடந்த ராணுவ டாக்டர்களின் நோட்டுகளில்தான் திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன. அதனால் அந்த டாக்டர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அங்கே மட்டும் 80,000-க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் சரணடைந்தார்கள், பிரிட்டிஷ்காரர், ஆஸ்திரேலியர், இந்தியர் என்று எல்லாரும். ஒரு படை சரணடையும்போது அதன் ஆஸ்பத்திரியும் சேர்ந்துதான் சரணடைகிறது. சர்ஜன், பல் டாக்டர், கம்பவுண்டர், ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர் எல்லாரும் ஒரே நாளில் கைதி ஆனார்கள். அடுத்த மாதம் டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவும் விழுந்தது, டச்சு டாக்டர்களும் முள்வேலிக்குள் வந்தார்கள். ரங்கூன் விழுந்ததும் அதே மார்ச்சில், 8-ஆம் தேதி. எங்கள் பக்கத்தில் அந்தத் தேதியை இன்னும் சொல்லக்கூடிய வீடுகள் இருக்கின்றன. நடந்தே அரக்கான் மலை தாண்டி வந்தவர்கள் இருந்த வீடுகள்.

சட்டப்படி பார்த்தால் டாக்டரைக் கைதியாகவே வைக்கக்கூடாது. 1929-இல் ஜெனீவாவில் இரண்டு உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. ஒன்று காயம்பட்டவர், நோயாளி பற்றியது. மருத்துவப் பணியாளர்களை முடிந்தவுடன் அவர்கள் தரப்புக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றது அது. மற்றது போர்க்கைதிகள் பற்றியது. அதில் ஜப்பான் கையெழுத்துப் போட்டும் தன் நாட்டில் அங்கீகரிக்கவில்லை. "சூழ்நிலைக்கு ஏற்ற மாற்றங்களோடு" பின்பற்றுவோம் என்று 1942-இல் சொல்லி வைத்தார்கள், முகாமில் அதற்கு என்ன அர்த்தம் என்பது ஒவ்வொரு காவலன் கைத்தடியைப் பொறுத்து இருந்தது. சண்டை முடிந்த பிறகு 1949-இல் எழுதிய புதிய உடன்படிக்கையில்தான், கைதிகளைக் கவனிக்க நிறுத்திவைக்கப்படும் டாக்டர் போர்க்கைதி ஆகமாட்டார், வைத்தியம் தவிர வேறு வேலைக்கு அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதெல்லாம் தெளிவாக வந்தது. அந்த வரிகளுக்குப் பின்னால் இந்தச் சயாம் முகாம்களும் இருக்கின்றன என்றே நான் படிக்கிறேன்.

சரி, லைனுக்கு வருவோம். தாய்லாந்தில் பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவில் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால், மலையையும் காட்டையும் அறுத்து ரயில் போடுவது என்று முடிவெடுத்தார்கள். 1942 நடுவில் தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று இரண்டு பக்கத் தண்டவாளங்களும் கொங்கோயித்தா அருகே சேர்ந்தன. போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் வேலை செய்தார்கள், அவர்களில் 12,000-க்கும் மேல் இறந்தார்கள். ஐந்து பேருக்கு ஒருவர். கூலிகள் என்று கொண்டுபோன ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 2 லட்சம்: பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், அப்புறம் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள். இதில் இறந்தவர் எத்தனை என்பது மதிப்பீடுதான், 70,000-லிருந்து ஒரு லட்சம் வரை சொல்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் நம் ஆட்கள்தான் பெரும்பான்மை.

இந்த இரண்டு கணக்குக்கும் இடையே உள்ள வித்தியாசம் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. ஒரே மழை, ஒரே கொசு, ஒரே அரிசி, ஒரே காவலர்கள். வெயிலும் மழையும் நம் ஆட்களுக்குப் பழக்கம், வெள்ளைக்காரருக்குத்தான் புதிது. அப்படிப் பார்த்தால் நம் ஆட்கள் அல்லவா அதிகம் பிழைத்திருக்க வேண்டும்?

காரணங்களில் பெரியது டாக்டர். இப்படிச் சொன்னால் உடனே ஊசி, மாத்திரை, ஆப்பரேஷன் என்றுதான் மனசுக்கு வரும். இந்த டாக்டர்கள் கையில் அது எதுவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் மருந்துப் பெட்டிகள் பெரும்பாலும் குடவுனிலேயே கிடந்தன. மலேரியா மருந்தான கொயினாவில் உலகத்தின் பெரும்பங்கு விளைந்த ஜாவா ஜப்பானியர் கையில் இருந்தும், மலேரியாக் காட்டுக்குள் இருந்தவர்களுக்குக் கொயினா அளந்துதான் வந்தது. டாக்டர் என்று ஒருவர் இருந்ததால் கிடைத்தது வேறு: யார் எங்கே மலம் கழிப்பது, தண்ணீரை எப்படிக் காய்ச்சுவது, எந்த நோயாளியை எங்கே பிரித்து வைப்பது, யாருக்கு அரை முட்டை அதிகம் என்று தீர்மானிக்க ஒரு தலை, அந்தத் தீர்மானத்துக்கு அடங்கி நடக்க ஒரு கட்டுப்பாடு.

அவர்களுடைய நாள் காலை இருட்டில் தொடங்கும். ஜப்பானிய எஞ்சினியர் முந்தின இரவே எண்ணிக்கை சொல்லிவிடுவார், நாளைக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று. மனிதர் இல்லை, எண்ணிக்கை. முகாமில் நடக்கக்கூடியவர்கள் அதைவிடக் குறைவாக இருந்தால் மீதியை நோயாளிகளிலிருந்து எடுக்க வேண்டும், அதை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் டாக்டர். மூங்கில் குடிசைக்கு வெளியே சேற்றில் நோயாளிகளை வரிசையாக உட்காரவைத்து, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, இன்றைக்கு இவனை அனுப்பினால் திரும்பி வருவானா, அவனை அனுப்பினால் திரும்பி வருவானா என்று முடிவு பண்ணுவார். மலேரியாக் காய்ச்சல் இறங்கியிருப்பவன் ஒருநாள் தாங்கலாம், சீதபேதிக்காரன் தாங்கமாட்டான், காலில் புண் இருப்பவனை உட்கார்ந்து கல் உடைக்கிற வேலைக்குக் கேட்டுப் பார்க்கலாம். காவலன் வந்து தன் இஷ்டத்துக்குப் பத்துப் பேரை இழுப்பான். டாக்டர் குறுக்கே நிற்பார். அடி விழும். அடி வாங்கியபின் பத்து ஏழானால் அன்றைக்கு மூன்று பேர் மிச்சம். மறுநாள் இருட்டில் மறுபடியும் அதே வரிசை.

எட்வர்ட் டன்லப் என்ற ஆஸ்திரேலிய சர்ஜன் இதற்குப் பேர் போனவர், 'வியரி' என்று சொல்வார்கள். ஆறடிக்கு மேல் உயரம், பழைய ரக்பி ஆட்டக்காரர். ஜாவாவில் பாண்டுங் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, இரண்டு கண்ணும் இரண்டு கையும் போன ஒரு நோயாளியைத் துப்பாக்கிக் கத்தியால் முடித்துவிடப் போன காவலருக்கு முன்னால் போய் நின்றவர். 1943 ஜனவரியில் சுமார் 900 பேரோடு சயாமுக்குக் கொண்டுவரப்பட்டு, ஹின்டோக் மலைப்பகுதியில் அந்தக் கூட்டத்துக்குத் தளபதியும் அவரே, டாக்டரும் அவரே என்று இருந்தார். அவரைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறார்கள், சிலையும் வைத்திருக்கிறார்கள். அவரைப் போலவே காலையில் அடி வாங்கிய டாக்டர்கள் லைன் நெடுக இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி அரிசி. புதுவயல் பக்கம் போயிருப்பவர்களுக்கு நெல் அவிக்கிற வாசனை தெரியும். ரைஸ்மில் தொட்டியில் நெல்லை ஊறப்போட்டு, ஆவியில் அவித்து, களத்தில் பரப்பிக் காலால் கிளறிவிட்டுக் காயவைப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பத்தா காலத்தில் இதையே கொல்லையில் அண்டா வைத்துச் செய்தார்கள். ஏன் இப்படிச் செய்கிறோம் என்று கேட்டால் "சோறு வயித்துல நிக்கும்" என்பார். அவித்த நெல்லை அப்புறம் மில்லில் எப்படித் தீட்டினாலும் ஒரு சத்து போகாமல் நின்றுவிடுகிறது, தயமின் என்கிற பி1 வைட்டமின். உமிக்கும் தவிட்டுக்கும் பக்கத்தில் இருக்கும் அந்தச் சத்து, ஊறி அவியும்போது அரிசியின் உள்ளே இறங்கிவிடும். பச்சையாகத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும்.

இதைக் கண்டுபிடித்ததில் மலாயாத் தமிழர்களுக்கு ஒரு பங்கு உண்டு. சுரங்கத்தில் வேலை பார்த்த சீனர்கள் இந்தச் சத்து இல்லாமல் வருகிற பெரிபெரி நோயால் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, அதே மண்ணில் இருந்த தமிழ்க் கூலிகளுக்கு ஏன் அது வருவதில்லை என்று பிராடன் என்ற டாக்டர் கவனித்தார். சீனர் தின்றது தீட்டிய பச்சரிசி, நம் ஆட்கள் தின்றது புழுங்கலரிசி. 1905 வாக்கில் பிளெட்சர் என்பவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இரண்டு கூட்டமாகப் பிரித்து இரண்டு அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிக் கூட்டத்தில் பெரிபெரி பரவிப் பலர் இறந்தார்கள், புழுங்கலரிசிக் கூட்டத்தில் அதனால் ஒருவரும் சாகவில்லை. அதற்கு முன்னாலேயே ஜாவாவில் எய்க்மான் கோழிகளை வைத்து இதன் நுனியைப் பிடித்திருந்தார், அதற்காக 1929-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆக 1942-இல் முள்வேலிக்குள் போன ஒவ்வொரு டாக்டருக்கும் பெரிபெரி எதனால் வருகிறது என்று தெரியும். தெரிந்தும் தட்டில் விழுந்தது தீட்டிய வெள்ளை அரிசி, அதிலும் புழுத்தது, சுண்ணாம்பு கலந்தது, மூட்டை அடியில் கூட்டி அள்ளியது. சில மாதத்தில் கால் வீங்க ஆரம்பிக்கும். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும், மாவில் விரல் பதித்த மாதிரி. வீக்கம் மேலே ஏறி நெஞ்சுக்கு வந்தால் நேற்று ராத்திரி பேசிக்கொண்டிருந்தவன் காலையில் எழுந்திருக்கமாட்டான். டாக்டர்கள் காவலரிடம் மருந்து கேட்டு அலுத்துப்போய், தவிடு கொடுங்கள் என்று கேட்டார்கள். மாட்டுக்குப் போடுகிற தவிடு. பாசிப்பயறு கேட்டார்கள். டச்சு டாக்டர்களுக்குப் பாசிப்பயறின் அருமை ஜாவாவிலேயே தெரியும், வந்த இடத்தில் எல்லாருக்கும் சொன்னார்கள். கிடைத்த இடத்தில் தவிட்டை நீரில் கரைத்து ஆளுக்கு இத்தனை கரண்டி என்று வரிசையில் நிற்கவைத்துக் குடிக்கவைத்தார்கள். சிங்கப்பூரில் இருந்த சாங்கி முகாமில் புல்லை இடித்துச் சாறு எடுத்துக் கொடுத்தார்கள், வாய்ப்புண்ணும் கண் மங்கலும் குறைய.

கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-களின் கடைசியில் கால்வாசி நிலம் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. கடன் திரும்பாமல் வந்த நிலம்தான் பெரும்பகுதி. அந்தச் சமவெளிக்குப் பக்கத்து மலையில்தான் மனிதர்கள் தவிடு இல்லாமல் வீங்கிச் செத்தார்கள் என்பதைப் படித்த அன்றைக்கு நான் எங்கள் வீட்டுக் குதிரை அருகில் போய் வெகுநேரம் நின்றேன். குதிரென்றால் நெல் கொட்டுகிற குதிர்.

சோறும் போர்க்கைதியும் என்று பேசும்போது முதல் உலகப்போரின் குட் முற்றுகையையும் சொல்லிவிட வேண்டும். மெசபடோமியாவில் குட்-அல்-அமாரா என்ற ஊரில் இந்தியப் படை ஐந்து மாதம் போல் சூழப்பட்டுக் கிடந்து 1916 ஏப்ரல் 29 அன்று துருக்கியரிடம் சரணடைந்தது. முற்றுகைக்குள் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வெள்ளை மாவு ரொட்டி, அவர்களுக்குப் பெரிபெரி வந்தது. இந்தியச் சிப்பாய்களுக்குத் தவிடு போகாத ஆட்டா, அவர்களுக்குப் பெரிபெரி வரவில்லை. ஆனால் காய்கறி இல்லை, குதிரைக்கறியை முதலில் தொடமாட்டோம் என்றார்கள், ஸ்கர்வி வந்து ஈறு அழுகியது. ஒரே கோட்டைக்குள் தட்டு மாறினதால் நோய் மாறியது. அங்கே பிடிபட்டவர்களில் கல்யாண் குமார் முகர்ஜி என்ற வங்காள டாக்டரும் ஒருவர், இந்திய மருத்துவப் பணியில் கேப்டன். பாலைவனத்து முகாமில் கூட இருந்த கைதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் 1917-இல் ராஸ்-அல்-ஐன் என்ற இடத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்கள் மிஞ்சின.

சயாம் டாக்டர்களின் கைவேலை பற்றி ஒரு புத்தகமே எழுதலாம், எனக்குப் பிடித்த ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன். ஜேக்கப் மார்கோவிட்ஸ் என்ற கனடாக்காரர் சுங்காய் முகாமில் இருந்தார். ரத்தம் ஏற்ற வேண்டும், உறையாமல் தடுக்கும் மருந்து இல்லை. அவர் செய்தது, கொடுப்பவரின் ரத்தத்தைப் பாத்திரத்தில் பிடித்து மூங்கில் குச்சியால் நாம் மோர் கடைவது போல் சில நிமிஷம் கடைவது. உறையவைக்கும் நார் குச்சியில் சுற்றிக்கொண்டு வந்துவிடும், மீதியைத் துணியில் பலமுறை வடிகட்டி நோயாளிக்கு ஏற்றலாம். அப்படிப் பலர் பிழைத்தார்கள்.

அப்புறம் கால் புண். மூங்கில் வெட்டும்போது முழங்காலுக்குக் கீழே ஒரு கீறல் விழும். நல்ல சோறு தின்கிறவனுக்கு இரண்டு நாளில் காயும். இவர்களுக்கு ஒரு வாரத்தில் எலும்பு தெரியும். அழுகின சதையைக் கூராக்கின ஸ்பூனால் சுரண்டி எடுப்பார்கள், மயக்கமருந்து இல்லாமல், நாலு பேர் பிடித்துக்கொள்ள. அந்த நாற்றம் குடிசையை விட்டுப் போகவே போகாதாம். அதற்கும் அடங்காவிட்டால் காலை எடுப்பார்கள். பர்மாப் பக்கம் 55-ஆவது கிலோமீட்டர் முகாமில் ஆல்பர்ட் கோட்ஸ் என்ற ஆஸ்திரேலியர் நூற்றுக்கும் மேல் கால்களை எடுத்தார். ரம்பம் முகாமிலேயே இரவல் வாங்கியது, வேலை முடிந்ததும் கொதிநீரில் கழுவித் திருப்பிக் கொடுத்தது. தையல் போட மாட்டுக் குடலில் நூல் திரித்தார்கள். கூட இருந்த டச்சு வேதியியல்காரர் ஒருவர் முதுகுத்தண்டில் போட ஒரு மரப்பு மருந்தைத் தயாரித்துக் கொடுத்தார். ஹென்றி ஹெக்கிங் என்ற இன்னொரு டச்சு டாக்டர் ஜாவாவில் பிறந்தவர், பாட்டியிடம் பச்சிலை கற்றவர். காலை எடுக்காமலே புண்ணைத் திரும்பத் திரும்பச் சுரண்டிச் சுத்தம் செய்து பலர் காலைக் காப்பாற்றினார்.

பணம் எங்கிருந்து வந்தது என்பது செட்டிநாட்டுக்காரர் கண்ணில் தானாகப் படும். ஜப்பானியர் கைதி அதிகாரிகளுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கொடுத்தார்கள், வேலைக்குப் போகிற சிப்பாய்க்குத் தினமும் சில்லறை, படுத்திருக்கிற நோயாளிக்கு ஒன்றும் கிடையாது, சோறும் குறைத்துத்தான். டாக்டர்கள் அதிகாரிகள் சம்பளத்தில் கட்டாயமாக ஒரு பங்கு பிடித்து நோயாளிப் பொதுநிதி ஒன்று வைத்தார்கள். நம் ஊரில் கடை வரவில் மகமை எடுத்து வைப்பது மாதிரியே. அந்த மகமையில் வாங்கியது பெரும்பாலும் வாத்து முட்டை. எந்த நோட்டைப் படித்தாலும் வாத்து முட்டை வரும், ஒரு முட்டை இத்தனை காசு, இன்று இத்தனை முட்டை, யார் யாருக்கு என்று.

அந்தச் சாமானை ஆற்றில் படகு மூலம் முகாம்களுக்குக் கொண்டுவந்தவர்களில் பூன்போங் என்ற காஞ்சனபுரி வியாபாரி ஒருவர். காய்கறிக்கூடைக்கு அடியில் மருந்து வைத்துக் கடத்திக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் முக்கியமானது எமட்டீன், அமீபா சீதபேதிக்கு அன்று இருந்த பெரிய நம்பிக்கை. கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் அடமானமாக வைத்துக்கொண்டு பணம் கொடுத்தார், வெறும் கைச்சீட்டுக்கும் கொடுத்தார். பிடிபட்டால் தலை போகும். போருக்குப் பின் அவர் நடத்திய பஸ் கம்பெனி நொடித்தபோது பிழைத்து ஊர் போன கைதிகள் காசு சேர்த்து அனுப்பினார்கள். கொடுத்து வாங்கிப் பழகின ஊர்க்காரனாக நான் இந்த மனிதரை மனசார மதிக்கிறேன்.

1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. அதற்குச் சற்று முன்புதான், ஏப்ரலில், சிங்கப்பூரிலிருந்து 'எஃப்' படை என்று 7,000 கைதிகளைக் கிளப்பினார்கள். நல்ல சாப்பாடு இருக்கிற ஓய்வு முகாம் என்று சொல்லி, நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு போனார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் ராத்திரி ராத்திரியாக 300 கிலோமீட்டர் நடை. வழியில் கொங்கோயித்தாவில் அவர்கள் தங்கவேண்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் கூலிகள் முகாம், அங்கே காலரா ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அந்த 7,000 பேரில் 3,000-க்கும் மேல் இறந்தார்கள்.

காலராவில் மனிதன் சாவது தண்ணீர் வற்றி. உப்புநீரை ரத்தக்குழாயில் ஏற்றினால் பிழைப்பான். டாக்டர்கள் பெட்ரோல் டின்னில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியை மூங்கில் குழாய் வழியாக இறக்கி வடித்து, அதில் கல்லுப்பைப் போட்டு, ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாயை வெட்டி, முனையில் சீவின மூங்கிலை ஊசியாகச் செருகி ஏற்றினார்கள். ஆனால் அதிகம் உயிர் காத்தது அதுவும் இல்லை. கொதிக்காத ஒரு சொட்டுத் தண்ணீர் வாய்க்குப் போகக் கூடாது, சாப்பாட்டுத் தட்டை ஒவ்வொரு முறையும் கொதிக்கிற நீரில் முக்கி எடுத்துவிட்டுத்தான் சோறு வாங்கணும். இந்த இரண்டு விதிதான். வரிசையின் தலையில் வெந்நீர் அண்டா, பக்கத்தில் ஒரு ஆள் பார்த்துக்கொண்டு நிற்பான், முக்காதவனுக்குச் சோறு கிடையாது. பதினாறு மணி நேரம் வேலை செய்துவிட்டு மழையில் வந்தவனுக்கு அந்த வெந்நீருக்கு விறகு பொறுக்கிவரச் சொன்னால் கோபம்தான் வரும், ஆனாலும் செய்தார்கள், டாக்டர் சொன்னார் என்று.

நம் ஆட்கள் முகாமில் இது எதுவும் நடக்கவில்லை. தோட்டத்தில் இருந்தவரைக்கும் மருந்து கொடுக்க டிரஸ்ஸர் இருப்பார், சின்ன ஆஸ்பத்திரி இருக்கும், கங்காணி இருப்பார். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஆள் கிடைக்காதபோது தெருவிலும் சந்தையிலும் பிடித்தார்கள், இலவச சினிமா என்று கூட்டம் சேர்த்துக் கதவை அடைத்து லாரியில் ஏற்றினார்கள் என்றும் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெண்டு பிள்ளைகளும் போனார்கள். வெவ்வேறு தோட்டத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் தெரியாமல் ஒரு குடிசையில் கிடந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள், கக்கூஸ் குழி வெட்டச் சொல்ல யாரும் இல்லை. காலரா வந்தால் பிழைத்தவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். ஓடியவர்கள் அங்கே இறந்தார்கள்.

இதைப் பார்த்து ஜப்பானியர்களே பயந்துபோய், லைன் வேலை நின்றுவிடும் என்ற கவலையில், 1943 நடுவில் சாங்கியிலிருந்து கைதி டாக்டர்களை வரவழைத்தார்கள். 'கே' படை என்று ஒன்று, சுமார் 30 மருத்துவ அதிகாரிகளும் 200 உதவியாளர்களும். சில வாரம் கழித்து 'எல்' படை என்று அதில் பாதி அளவில் இன்னொன்று. கூலி முகாம்களில் வைத்தியம் பார்க்க. ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு டாக்டர், கூட சில பேர் என்று பிரித்துப் போட்டார்கள். மருந்து கொடுக்கவில்லை. பல இடத்தில் 'ஆஸ்பத்திரி' என்று காட்டிய குடிசை சாகப் போகிறவர்களைக் கொண்டுபோய்ப் போடுகிற இடம், அவ்வளவுதான். வேலைக்கு ஆகாதவருக்கு எதற்குச் சோறு என்று ஓவர்சீயர் கேட்பான். அவர்கள் போய் முதலில் செய்தது பிணங்களைப் புதைத்ததும் குழி வெட்டியதும் தண்ணீர் காய்ச்சியதும்தான். எண்ணிப் பாருங்கள், லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களுக்கு நாற்பத்து சொச்சம் டாக்டர்கள், அதுவும் பல பேர் செத்த பிறகு.

மொழி ஒரு பெரிய சுவர். ஆனால் மலாயாத் தோட்டங்களில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் சிலர் தொண்டர் படையில் சேர்ந்து கைதி ஆகியிருந்தார்கள், அவர்களுக்குத் தோட்டத்துத் தமிழ் வரும். ராபர்ட் ஹார்டி என்ற டாக்டர் போருக்கு முன் மலாயாவில் தோட்ட ஆஸ்பத்திரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் ஒளித்துவைத்து எழுதிய நாட்குறிப்பில் கூலிகளின் நிலைமை வருகிறது. பிடித்தால் அடி உறுதி என்று தெரிந்தும் எழுதினார். பக்கத்துக் குடிசையில் இருந்தவர்களை அவருக்கு அடையாளம் தெரிந்ததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. காய்ச்சல் என்றும் வயிற்றோட்டம் என்றும் அவர்கள் அவரிடம் தமிழில் வந்து நின்ற காலம் ஒன்று இருந்தது அல்லவா.

இந்திய ராணுவ டாக்டர்கள் என்ன ஆனார்கள்? சிங்கப்பூர் விழுந்த மறுநாளுக்கு மறுநாள், பிப்ரவரி 17, ஃபாரர் பூங்காவில் 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களைத் தனியே நிறுத்தி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். ஒரு பகுதி இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தது, டாக்டர்களிலும் சேர்ந்தவர் உண்டு, சேராதவர் உண்டு. சேராத பல ஆயிரம் பேரைக் கப்பலில் அடைத்து நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்குக் கூலிவேலைக்கு அனுப்பினார்கள், அங்கேயும் டாக்டர் கூடவே போனார். பிழைத்தது கொஞ்சம்.

கேப்டன் லட்சுமியை எல்லாருக்கும் தெரியும், அவர் டாக்டர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-இல் பட்டம் பெற்று சிங்கப்பூருக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். 1943-இல் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார், அதில் சேர்ந்த பெண்களில் பலர் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். 1945-இல் பர்மாவில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டு, 1946 மார்ச்சில்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். பிற்காலத்தில் கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு தொண்ணூறு வயதுக்கு மேலும் இருந்தார்.

டாக்டர்கள் எழுதிய நோட்டுகள் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். காகிதம் தடை. டச்சுக்காரன் விட்டுப்போன கணக்குத்தாள், சிகரெட் அட்டை, பள்ளிக்கூட நோட்டு, எதில் இடம் கிடைத்ததோ அதில் பென்சிலால் எழுதினார்கள். பெயர், படை எண், நோய், தேதி. மூங்கில் குழாய்க்குள் அடைத்தார்கள், மண்ணில் புதைத்தார்கள், சமாதிக்குள்ளும் வைத்தார்கள். 1945-க்குப் பிறகு போர்க்குற்ற விசாரணைகளுக்கு இவை சாட்சியாயின. அதைவிட, ஊருக்குப் போன ஒருவன் பத்து வருஷம் கழித்து நெஞ்சு வலிக்கிறது என்று பென்ஷன் கேட்டபோது, ஆமாம் இவனுக்கு 1943 ஜூலையில் பெரிபெரி இருந்தது என்று காட்ட ஒரு வரி இருந்தது. வெறுங்காலோடு அந்த மண்ணில் நின்றவர்கள் உடம்பில் தோல் வழியாக ஏறிய ஒரு புழு முப்பது நாற்பது வருஷம் கழித்தும் உயிரோடு இருந்ததை லிவர்பூல் மருத்துவர்கள் கண்டுபிடித்ததும், இவர்கள் கைதிகளாக இருந்தவர்கள் என்று ஆள் ஆளாகத் தெரிந்திருந்ததால்தான். மலாயாவுக்குத் திரும்பிய தமிழர்கள் உடம்பிலும் அந்தப் புழு இருந்திருக்கும். அவர்களைத் தேடிப் போய்ச் சோதித்துப் பார்த்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ள பெரிய மயானம் இருக்கிறது. வெட்டிச் சீராக்கின புல், ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, சிலவற்றில் வீட்டார் சொன்ன ஒரு வரி. அந்தப் பெயர்களில் பல அந்த நோட்டுகளிலிருந்து வந்தவை. அதே ஊரில் ஒரு புத்த விகாரையில், குழி குழியாகக் கிடைத்த கூலிகளின் எலும்புகளைச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். மலேசியத் தமிழர்கள் சில வருஷத்துக்கு முன் அங்கே நம் வழக்கப்படி ஒரு நடுகல் நட்டார்கள்.

அப்பத்தாவின் தம்பிக்குத் தேதி தெரியாததால் ஆடி அமாவாசையில்தான் எங்கள் வீட்டில் படையல். அப்பத்தா இருந்தவரை அன்றைக்கு மட்டும் பச்சரிசி வைக்கவிடமாட்டார், அவன் புழுங்கச் சோறுதான் திம்பான் என்று சொல்லி இலையில் அதையே வைப்பார். இப்போது என் மனைவியும் அப்படித்தான் வைக்கிறாள்.